முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

மாரீஸ்வரி கண்ணைத் திறப்பதற்கு முன்பே மழையை அளந்துவிடுவாள். விடியற்காலையில் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை விழும்போது, போர்வைக்குள் கிடந்தபடியே ஓர் எண்ணைச் சொல்வாள்.

"பதினாறு."

பக்கத்தில் படுத்திருக்கும் அவள் புருஷன் சுடலைமணி, அவளைச் சீண்டுவதற்கென்றே, "போடி, இருபது" என்பான்.

ஏழு மணிக்கு அவள் நாற்றுப் பண்ணைக்குப் போய் மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை அளவு கிளாசில் ஊற்றிப் பார்ப்பாள். பதினாறரை இருக்கும். சில நாள் பதினைந்து இருக்கும். இரண்டு கோட்டுக்கு மேல் அவள் காது தவறியது குறைவு. ஆனால் காது சொன்னதை அவள் ஒருநாளும் நோட்டில் எழுதியதில்லை. கிளாஸ் சொன்னதைத்தான் எழுதுவாள். இந்த வாக்கியத்தில் ஒரு பொய் இருந்தது. அது அவளுக்கு மட்டும் இருபத்தாறு வருஷமாகத் தெரிந்திருந்தது.

பனிச்சோலை எஸ்டேட் தேவிகுளத்திலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம். நாற்றுப் பண்ணையின் நடுவே, ஒரு கட்டில் அளவு இடத்தைக் கம்பிவேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். அதற்குள் முழங்கால் உயரத்தில் மழைமானி நிற்கிறது. மேலே புனல், கீழே பாட்டில், பாட்டில் நிறைந்தால் வழிவதைப் பிடிக்க வெளியே ஓர் உருளை. அளவு கிளாசில் இருபது மில்லிமீட்டர் வரைதான் கோடு உண்டு. அதற்கு மேல் பெய்தால் ஊற்றி, கொட்டி, மறுபடி ஊற்றி எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க, கிளாசுக்கு ஒரு கல்லாகப் பக்கத்துக் கட்டைச் சுவரில் வைப்பாள். 2018 ஆகஸ்டில் ஒரு காலை பதினொரு கல் வைத்தாள். பன்னிரண்டாவது கிளாசில் மூன்று கோடு. இருநூற்று இருபத்துமூன்று. அன்று கடைசிக் கல்லை வைக்கும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. அந்தப் பதினொரு கல்லையும் அவள் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை. பாசி பிடித்து அங்கேயே இருக்கின்றன.

நாற்றுப் பண்ணையில் பாக்கெட் மண் நிரப்புவதுதான் அவளுடைய வேலை. முன்னால் மழை பார்த்த சங்கையா ஓய்வு பெற்ற 1993இல், மழைமானி பண்ணைக்குள் இருந்ததாலேயே அதன் சாவி அவளிடம் வந்தது. அப்போது அவளுக்கு வயது இருபத்துமூன்று.

நோட்டில் மூன்று பத்தி: தேதி, அளவு, குறிப்பு. அளவுப் பத்தியில் கிளாஸ் மட்டுமே பேசலாம். குறிப்புப் பத்தி அப்படியில்லை. நேரில் பார்த்தவர் யார் சொன்னாலும் எழுதலாம். அதில் அவள் மூன்று சொற்களைத்தான் பயன்படுத்தினாள். நூல், சாரல், கொட்டு.

நூல் மழையை மலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அது விழுவதில்லை, தொங்கும். மேகம் தேயிலைச் செடிகளின் இடுப்பு வரை இறங்கி வந்து நிற்க, அதற்குள்ளிருந்து சத்தமில்லாமல் இழை இழையாக வந்துகொண்டே இருக்கும். கொழுந்து பறிக்கிறவர்கள் ஒரு வரிசை தள்ளி நின்றாலும் முகம் தெரியாது, பேச்சு மட்டும் வரும். முன்பெல்லாம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் வாரக்கணக்கில் நூல்தான். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, பகல் எது மாலை எது என்று தெரியாது. ஜனங்கள் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல நடப்பார்கள். 1994 ஜூனில் இருபத்தாறு நாள் 'நூல்' என்று எழுதியிருக்கிறாள். 2023 ஜூனில் ஐந்து நாள். ஆண்டு மொத்தத்தைக் கூட்டினால் பெரிய குறைவு தெரியாது. மழை வராமல் போகவில்லை. இழையாக வந்தது கட்டியாக வரத் தொடங்கியிருந்தது. பத்து நாள் வெயில், பிறகு ஒரே நாளில் ஏழு கல். ஐப்பசித் துலாவர்ஷத்தில் மத்தியானம் இடியோடு வந்துகொண்டிருந்த மழை, இப்போது மார்கழியிலும் திடீரென்று வந்து கதவைத் தட்டுகிறது.

இந்த நோட்டுகளைத் தேடிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் கிருஷ்ணப்ரியா வந்தாள். சித்தூர் கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறவள், பாலக்காடு கல்பாத்திக்காரி. சங்கையா காலத்து நோட்டுகளையும் சேர்த்து ஐம்பத்தைந்து வருஷத்தையும் படம் எடுத்துக்கொண்டு போனவள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பண்ணையில் மண் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தொண்ணூத்திமூணு வரைக்கும் ஞாயித்துக்கெழமைக்கும் திங்கக்கெழமைக்கும் ஒரே அளவு மழையாக்கும். ரெண்டு நாளும் எட்டு. ரெண்டு நாளும் இருபத்திநாலு. மேகத்துக்கு எதுக்கு இப்படி ஒரு நியாயம்?"

மாரீஸ்வரி சிரித்தாள். "அது மேகம் இல்ல டீச்சர், சங்கையா. ஞாயித்துக்கெழம லீவுலா? திங்கக்கெழம வந்து ரெண்டு நாள் தண்ணியையும் ஒண்ணா ஊத்தி, பாதி பாதியா எழுதிப்புடுவாரு."

"அப்போ நீங்கோ?"

"எனக்கு ஞாயித்துக்கெழமயும் மழ கேக்குமே. படுத்துக் கெடக்க முடியாது."

கிருஷ்ணப்ரியா சாக்கிலிருந்து எழுந்தாள். "கேட்டேளா, இந்த ஜில்லாவுல உங்க நோட்டு மாதிரி ஒரு நோட்டு நான் பாத்ததில்லை" என்றாள். அன்று பகல் முழுவதும் மாரீஸ்வரிக்கு மண் பாக்கெட்டுகள் கனக்கவில்லை. மாலையில் கனத்தன.

சென்ற ஆடியில், கீழ் டிவிஷன் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் விரிசல் விட்டது. கையை முழங்கை வரை விடலாம். அந்த லயத்தில் பதினாறு வீடுகள். கடைசி வீடு சந்தனமேரியுடையது. மாரீஸ்வரியும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீடுகளை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வந்தது. பள்ளிக்கூட ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். மாற்றுவதென்றால் ஃபாக்டரிப் பக்கம் காலியாகக் கிடக்கும் பழைய லயத்துக்குத்தான். அங்கிருந்து பள்ளிக்கூடம் தூரம், தண்ணீர்க் குழாய் தூரம். யாருக்கும் போக மனமில்லை.

கமிட்டியில் இருந்த இன்ஜினியர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கிருஷ்ணப்ரியா வரைந்த கோடு அது. ஒவ்வொரு வருஷத்திலும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை. பல வருஷம் நூறிலும் நூற்றைம்பதிலும் கிடக்கிற கோடு, 1998இல் மட்டும் முள்போல மேலே எழுந்து நின்றது.

"இதைப் பாருங்கள். 1998 ஜூலை இருபத்துமூன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். அன்றைக்கே இந்தச் சரிவு நின்றிருக்கிறது. அதைவிடப் பெரிய மழை பிறகு பெய்யவில்லை. எனவே அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறோம். விரிசலை மூடி, தண்ணீர் போக வழி வெட்டினால் போதும்."

ஹாலில் கைதட்டல். சந்தனமேரி எழுந்து நின்றே தட்டினாள். வெளியே வந்ததும் மாரீஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி மாரி, ஒன் நம்பருதான் எங்கள காப்பாத்துச்சு. இல்லன்னா இந்நேரம் சட்டிபானய தூக்கிட்டு ஃபாக்டரிப் பொக குடிக்கப் போயிருப்போம்."

மாரீஸ்வரியின் பார்வை சந்தனமேரியின் தோளுக்கு மேலாகப் போய், சரிவில் நின்றது.

அந்த எண்ணை அவள் கிளாசில் பார்த்ததில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் பதினைந்து கிளாஸ், அதற்கு மேலும் பாதிக்குமேல். பதினைந்து கல். சுவரில் அவள் ஒருபோதும் பதினைந்து கல் வைத்ததில்லை.

1998 ஜூலையில் அவளுக்கு எட்டாம் மாதம். திங்கட்கிழமை வலி வந்து, மூணாறு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். துணைக்குச் சந்தனமேரி வந்தாள். அன்றே பெண் குழந்தை பிறந்தது. கையளவுதான் இருந்தது. வியாழக்கிழமை காலை வரை மூச்சு விட்டது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. சுடலைமணி அதைத் துண்டில் சுற்றி எஸ்டேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். மாரீஸ்வரி எழுந்து உட்காரக்கூட முடியாமல் வார்டில் கிடந்தாள். அப்போது தலைக்கு மேல் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. அப்படி ஒரு மழையை அவள் அதுவரை கேட்டதில்லை. வார்டு முழுவதும் அந்தச் சத்தம்தான் இருந்தது. பேச்சு இல்லை, அழுகை இல்லை, தண்ணீர் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பழக்கத்தில் மனசு எண்ணத் தொடங்கியது. நூறு. நூற்றெழுபது. இருநூற்று நாற்பது. மாலையில் மழை நின்றபோது அவளிடம் ஓர் எண் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்து மழைமானியைத் திறந்தாள். பாட்டில் நிறைந்து, உருளையும் நிறைந்து வழிந்திருந்தது. எந்த நாள் எவ்வளவு என்று அந்தத் தண்ணீர் சொல்லாது. மேலாபீசுக்குப் போகும் மாதத் தாளில் கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லயத்துப் பெண்களிடம் ஒவ்வொரு நாளாகக் கேட்டாள். செவ்வாய் சாரல் என்றார்கள், சனி கொஞ்சம் கொட்டியது என்றார்கள். கேட்டுக் கேட்டு, சுமாராக ஓர் எண் போட்டாள். வியாழக்கிழமையை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் 312 என்று எழுதி, பக்கத்தில் 'கொட்டு' என்று எழுதினாள். அந்தக் குழந்தை வந்துபோனதற்கு உலகத்தில் இருந்த எழுத்து அது ஒன்றுதான்.

அந்த எண் தவறு என்பதுகூட அவளுக்கு 2009இல் தெரிந்துவிட்டது. சந்தனமேரியின் மகளுடைய பிரசவத்துக்குத் துணையாக மாரீஸ்வரி அதே வார்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நூல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காது அடைத்தது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பக்கத்துப் பழைய மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் ஒரு குழாய் வழியாக வார்டின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நூல் மழையிலும் அந்தத் தகரத்துக்கு வெள்ளம். அவள் காது சரியாகத்தான் கேட்டிருந்தது. அது வானத்து மழை இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

கமிட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. சுடலைமணி காத்திருந்தான். அவள் எண் சொல்லவில்லை.

"என்னட்டி, தூங்குதியா?"

"இல்ல."

"பின்ன சொல்லு. நான் முப்பதுன்னு வச்சிருக்கேன்."

மாரீஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க. அன்னைக்கு நம்ம பிள்ளைய நீங்க கொண்டு வந்தீங்கள்லா. அன்னைக்கு இங்க எப்படிப் பெஞ்சுது?"

இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. பிறகு பிறந்த சிவசங்கரி வளர்ந்து கொச்சியில் வேலைக்கும் போய்விட்டாள். அவளிடமும் சொன்னதில்லை.

"நூலுதான்" என்றான் சுடலைமணி. "சவுக்குமரத்துக்குக் கீழ குழி வெட்டி, மூடிட்டு, அங்கனயே உக்காந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும். என் சட்ட கூட முழுசா நனையல. பிள்ள சுத்துன துண்ட மேல போட்டிருந்தேன். அதுல மணி மணியா நின்னுச்சு. உள்ள எறங்கல."

"நான் முந்நூத்திப் பன்னண்டுன்னு எழுதிட்டேன்."

"தெரியும். மஸ்டர் ஆபீசு போர்டுல போட்டிருந்தாகள்லா. அப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"என்னத்த கேக்க? ஒனக்கு அவ்வளவு பெஞ்சிருக்குன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குக் கிளாசில் முப்பத்தொன்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கிருஷ்ணப்ரியா வந்தாள். பஸ்ஸிலும் ஜீப்பிலுமாக ஒரு பகல் முழுவதும் ஆகியிருந்தது. மாரீஸ்வரி அவளைக் கம்பிவேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பதினொரு கல் இருந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றும் விடாமல் சொன்னாள். குழந்தை, தகரம், மாடிக் குழாய், துண்டில் நின்ற மணிகள்.

"பக்கத்து எஸ்டேட்டுல அன்னிக்கு நாப்பதுகூட இல்லை" என்றாள் கிருஷ்ணப்ரியா. "எனக்கு அப்பவே உறுத்தித்து. ஆனா மலையாக்கும், ஒரு மடிப்புல பெய்யும், அடுத்ததுல பெய்யாது. அதுவும் ஞாயித்துக்கெழமைகூட வந்து அளக்கறவா எழுதினதை எப்படி சந்தேகப்படறது? விட்டுட்டேன். என் தப்பும் உண்டு."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். 1998இன் முள்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

"இப்போ பாருங்கோ."

மாரீஸ்வரி பார்த்தாள். முள் இருந்தவரை, இப்படியும் முன்பு நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்த கோடு, அது மறைந்ததும் எழுந்துகொண்டது. ஐம்பது வருஷம் நூற்றெழுபதை ஒருமுறைகூடத் தாண்டாதது, 2018 முதல் மூன்று முறை இருநூறைத் தாண்டியிருந்தது. அந்த மூன்றையும் அவள்தான் கல் வைத்து எண்ணியிருந்தாள்.

"அப்போ அந்தச் சரிவு பெரிய மழயப் பாத்ததே இப்பத்தானா?"

"ஆமா. பாத்துதான் வாயைப் பொளந்திருக்கு."

மேகம் இறங்கி வந்து பண்ணையின் மறுகோடியை மறைத்தது. மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "நான் இத சொன்னா, மத்த நோட்டையும் பொய்யின்னு சொல்லுவாகளா டீச்சர்?"

"சில பேர் சொல்லுவா. நான் மறைக்க மாட்டேன். பதினொரு நாள் அளக்கலை, அளந்தவாளே வந்து சொன்னான்னு எழுதித்தான் ஆகணும். உங்க பேரும் வரும்."

"வரட்டும்."

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன், அளக்காமல் எழுதினேன், அந்த எண் பொய் என்று மட்டும் சொன்னாள். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருஷ்ணப்ரியா புதிய தாளைக் கொடுத்தாள். முணுமுணுப்புக்கு நடுவே சந்தனமேரியின் குரல் எழுந்தது.

"அந்த நம்பர வச்சு இருக்கச் சொன்னாக, இப்ப நீ வந்து போகச் சொல்லுத! ஏட்டி, வானத்த நீ குத்தகைக்கு எடுத்திருக்கியா?"

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் அதைவிட மோசமாகப் பார்த்தார்கள். பதினாறு வீட்டையும் துலாவர்ஷத்துக்கு முன் காலி செய்வது என்று முடிவானது. எஸ்டேட் ஆபீசில் மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, எழுத்தில் ஒரு கண்டிப்பைக் கொடுத்து, மழைமானிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாவி ஐந்து வாரம் ஆபீசில் இருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் போக ஆள் கிடைக்கவில்லை. ஆறாவது வாரம் கங்காணி சாவியைக் கொண்டுவந்து, மண் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி முதல் வாரத்தில் கீழ் லயம் காலியானது. டிராக்டரில் கட்டில்கள், பாத்திரங்கள், கோழிக் கூண்டு. சந்தனமேரி இரண்டு மாதமாக மாரீஸ்வரியோடு பேசவில்லை. கடைசிச் சுமை ஏறும்போது, ஒரு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி. அந்த நம்பரு அந்தப் பிள்ளைக்குத்தான?"

மாரீஸ்வரி தலையசைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நானும் பக்கத்துலதான இருந்தேன். எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு." வாளியை அவள் கையில் திணித்தாள். "என்னத்த பாத்துக்கிட்டு நிக்க? தூக்கு."

சரிவு இன்றுவரை நின்றுகொண்டுதான் இருக்கிறது. விரிசல் இன்னும் ஒரு சாண் விரிந்திருக்கிறது. "ஒன் மல இன்னும் விழலையாட்டி?" என்று சந்தனமேரி வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறாள். "விழ வேண்டாம்" என்பாள் மாரீஸ்வரி.

வீடுகள் மாறிய பிறகு வந்த ஒரு காலையில், பல மாதங்களுக்குப் பின் மேகம் இடுப்பு வரை இறங்கி நின்றது. தகரத்தில் சத்தமே இல்லை. மாரீஸ்வரி 1998இன் நோட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். சுடலைமணி டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஜூலையின் அந்தப் பதினொரு கட்டங்களையும் ஒவ்வொன்றாக, படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோட்டால் அடித்தாள். வியாழக்கிழமையின் அளவைக் கடைசியாக அடித்தாள். அந்த இடத்தில் வேறு எண் போடவில்லை. அதைச் சொல்ல எந்தக் கிளாசும் இல்லை.

பேனாவைக் குறிப்புப் பத்திக்கு நகர்த்தினாள். 'கொட்டு' என்று இருந்ததையும் அடித்தாள்.

"நல்லாத் தெரியும்லா?" என்று கேட்டாள்.

"நான்தான அங்கன உக்காந்திருந்தேன்" என்றான் சுடலைமணி.

அவள் 'நூல்' என்று எழுதி, மை காயும் வரை அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். அந்த ஈரத்தில் மை காய வெகுநேரம் ஆனது.